இரவல் பசி

என் மாமியாருக்குக் கோபம் வந்தால் என் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். மாமியார் மதியம் கண்ணயர்ந்தால் அடுத்த அறையில் அம்மா கொட்டாவி விடுவாள். மாமியாருக்குப் பசித்தால் அம்மாவுக்கும் பசிக்கும். ஒரு வருஷம் எங்கள் வீடு இப்படித்தான் ஓடியது. சம்பந்திகள் ஒரே தெருவில் இருந்தாலே வம்பு என்று நினைக்கிற உலகத்தில், என் வீட்டில் இரண்டு சம்பந்திகளும் ஒரே உடம்பு போல இருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் இளவேனியாகிய நான்.

அம்மா கோகிலாமணி பொள்ளாச்சியை அடுத்த கோட்டூர்க்காரி. தென்னையும் வாய்க்கால் தண்ணீரும் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. மாமியார் செண்பகவல்லி, நான் அத்தை என்று கூப்பிடுபவர், கோவில்பட்டி. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பேச்சிலும் அந்தக் குத்து இருக்கும். நானும் சண்முகவேலும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்தக் கல்யாணத்தில், மாமியாரின் அண்ணனை எங்கள் ஆட்கள் தெரியாத்தனமாக இரண்டாவது பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். நாலு வருஷம் ஆகியும் அந்தப் பந்தி முடியவில்லை. பொங்கலுக்கு வந்தாலும் தீபாவளிக்கு வந்தாலும், கை கழுவுவதற்குள் ஒரு தடவையாவது அது இலையில் விழுந்துவிடும்.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. கோவையில் பல பேருக்கு வந்த மூன்று நாளில் போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் போகும்போது எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெயிலில் நின்றால் வியர்க்கவில்லை. குளிரில் உடம்பு நடுங்கவில்லை. ஒருநாள் சர்க்கரை தரைக்கு இறங்கும், மறுநாள் கூரைக்கு ஏறும். இரண்டு மாதத்தில் நாலு தடவை ஆஸ்பத்திரி.

டாக்டர் ரெஹானாதான் எங்களை உட்கார வைத்து விளக்கினார்.

"உடம்புங்கிறது கோடிக்கணக்கான செல்களோட குடியிருப்பும்மா. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே பாத்துக்கும். எவ்வளவு சர்க்கரையை உள்ள விடணும், எவ்வளவு உப்பை வெளிய தள்ளணும்னு அதுக்குத் தெரியும். ஆனா எப்பன்னு சொல்றதுக்கு மூளைக்கு அடியில சின்னதா ஒரு இடம் இருக்கு. உத்தரவு அங்கிருந்துதான் கிளம்பும். அந்த இடத்து செல்கள்தான் உங்களுக்குக் காய்ச்சல்ல போயிடுச்சு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்பொ மடையெல்லாம் நல்லா இருக்குது, தொறந்து உடற ஆளில்லீங்கறீங்க."

"அதேதான்."

"கம்ப்யூட்டர வெச்சுத் தொறந்து உட முடியாதுங்களா?"

"வெச்சுப் பாத்தாச்சு. அது சர்க்கரை ஏறின பிறகு இறக்கும், இறங்கின பிறகு ஏத்தும். உடம்பு அப்படி இல்ல. சோத்து வாசம் மூக்குல பட்டதுமே, ஒரு பருக்கை உள்ள போறதுக்கு முன்னாடியே, வரப்போறதுக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சிடும். அந்த முன்யோசனை இன்னொரு உயிருள்ள உடம்புகிட்ட மட்டும்தான் இருக்கு. அதை இரவல் வாங்கலாம்."

இரவல் என்றால் இதுதான். சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு தகடுகள். ஒன்று கொடுப்பவரின் தோள்பட்டைக்குக் கீழே, இன்னொன்று வாங்குபவருக்கு. கொடுப்பவரின் உடம்பு தனக்குள் என்னென்ன உத்தரவு போடுகிறது என்று முதல் தகடு படிக்கும். அதே உத்தரவை இரண்டாவது தகட்டில் வளர்த்திருக்கும் செல்கள் வாங்குபவரின் ரத்தத்தில் சுரந்துவிடும். சர்க்கரை, உப்பு, சூடு, தூக்கம், பசி எல்லாம் கொடுப்பவர் சொற்படி. ஒரு வருஷத்துக்குள் அம்மாவின் சொந்த செல்களையே ஆய்வகத்தில் வளர்த்து உள்ளே வைத்துவிட்டால் தகடுகளைக் கழற்றிவிடலாம்.

"இது ஒரு வழிப் பாதை" என்றார் டாக்டர். "கொடுக்கிறவங்ககிட்டேருந்து வாங்குறவங்களுக்கு மட்டும்தான் போகும். ஆனா ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே நேரத்துல, ஒரே சாப்பாடு சாப்பிடணும். இல்லன்னா ஒருத்தர் வயித்துக்கான ஏற்பாடு இன்னொருத்தர் வயித்துல போய் நிக்கும்."

கொடுப்பவருக்கு வயது நெருக்கமாக இருக்க வேண்டும், மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும், ரத்தத்தில் ஒன்பது பொருத்தம் பார்க்க வேண்டும். நான் சேரவில்லை. சித்திக்குச் சர்க்கரை நோய். அன்றைக்குப் பார்க்க வந்திருந்த மாமியார், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது தான் மட்டும் நாற்காலியில் இருந்தால் நன்றாக இருக்காதே என்று கையை நீட்டிவிட்டார். ஒன்பது பொருத்தமும் அவருக்குத்தான் சேர்ந்தது. என் கல்யாண ஜாதகம்கூட அவ்வளவு சேரவில்லை.

"ஒரு வருசந்தானே டாக்டரம்மா?" என்று கேட்டார் மாமியார். "லீப் வருசம் இல்லையே?"

படிவத்தில் ஏழாவது விதி: பட்டினி, விரதம் எதுவும் கூடாது. மாமியார் அதைக் கண்ணாடி போட்டுப் படித்து, தபால் ஆபீஸ் கையெழுத்தைப் போட்டார்.

வடவள்ளியில் எட்டாவது மாடி வீடு எங்களுடையது. சண்முகவேலுக்கு ஆரல்வாய்மொழி காற்றாலைகளில் வேலை என்பதால் அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கணவர். நான் பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவுக்குக் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். பகல் முழுக்க அந்த இரண்டு பேரும்தான். ஆறு மணிக்குக் காப்பி, எட்டுக்குப் பலகாரம், ஒன்றுக்குச் சாப்பாடு, ராத்திரி ஏழரைக்கு இட்லியோ தோசையோ. ஒருநாள் அம்மாவுக்காக அரிசிம்பருப்பு சாதம், ஒருநாள் அத்தைக்காகத் தேங்காய்ப்பால் சொதி. ஒருவர் தட்டில் இருப்பது இன்னொருவர் தட்டிலும் இருக்கும்; முகம் மட்டும் வேறு வேறு திசையில் இருக்கும்.

முதல் மாதம் ஒருநாள் டிவியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சம்மந்தியம்மா, அந்த நாடகத்தச் சித்தெ அமத்துங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுங்க."

"மாமியாக்காரி பேசுத பேச்சக் கேட்டா யாருக்குத்தான் அடிக்காது?" என்றார் அத்தை. ஆனாலும் அமர்த்திவிட்டார்.

சிரிக்கிற மாதிரி இருந்தாலும் அத்தைக்கு அது சிரிப்பு இல்லை. முப்பது வருஷம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே என்ன இருந்தாலும் வெளியே காட்டாமல் பழகியவர். இப்போது காலையில் எழுந்ததுமே எதிர் அறையிலிருந்து, "ஏனுங்க, மனசு சரியில்லீங்களா?" என்று குரல் வரும். அவர் கணவர் இறந்த தேதியை யாரிடமும் சொல்லாமல் கடந்துவிடப் பார்த்தார். அன்றைக்கு அம்மா எதுவும் கேட்கவில்லை. பகல் முழுக்க அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்குன்னு ஒரு கவல கூட வச்சுக்க முடியலையே தாயி" என்று என்னிடம் புலம்பினார் அத்தை. "கடுதாசிய ஒட்டாமப் போட்ட மாதிரி இருக்கு."

அம்மாவுக்கும் அது சுலபமில்லை. தன் உடம்பு தன்னிடம் இல்லை என்று அவளுக்கு வருத்தம். ஆனால் வியர்வை திரும்பி வந்தது. தூக்கம் வந்தது. முதல் தடவை நெற்றி வியர்த்த அன்று, அதைத் துடைக்காமல் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது மாதம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ஆய்வகத்தில் வளர்த்த அம்மாவின் செல்கள் பிழைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது தடவையும் தவறினால் மூன்றாவது தடவைக்கு எடுக்க நல்ல செல்கள் மிச்சமில்லை. இரவலும் ஒரு வருஷத்துக்கு மேல் நீட்ட முடியாது. வாங்குபவர் உடம்பு தகட்டை வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா தென்னை மரங்களைப் பற்றிக்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அத்தையின் பந்திக் கதையும் அந்த வாரம் வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி முடிந்த மறுநாள், "பூசைய முடிச்சிட்டு என் ரூம்ல வச்சுச் சாப்பிட்டுக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்று அத்தை தட்டை எடுத்துக்கொண்டு போனார். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மறுநாளும் அப்படியே. சம்பந்தி முகத்தைப் பார்க்காமல் சாப்பிட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை. அந்த நாட்களில் எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு என் போன் அலறியது. அம்மாவின் தகடு அனுப்பிய எச்சரிக்கை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. அம்மா மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அந்த மூச்சில் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாசம் அடித்தது. அவள் பாதத்தைப் பிடித்தபடி அத்தை உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் திரையைக் காட்டினார். சர்க்கரை நானூற்று எண்பது.

"உங்க அம்மா நல்லா சாப்பிட்டிருக்காங்க, தேவைக்கு மேலேயே. ஆனா தகட்டுல வர்ற உத்தரவெல்லாம் நாலு நாளா பட்டினி கிடக்கிற உடம்போடது. சாப்பாடு வரல, கல்லீரல்ல சேமிச்சதையும் எடுத்து ரத்தத்துல விடுன்னு சொல்லிட்டே இருக்கு. உள்ளயும் வருது, வெளியேருந்தும் வருது. ஊசி போட்டிருக்கோம், ஆனா அந்த உத்தரவு அதை அடிச்சிட்டுப் போகுது."

"தகட்டை நிறுத்திடுங்களேன்!"

"நிறுத்தினா உப்பும் சூடும் சேர்ந்து கவிழ்ந்துடும். அதைத் தாங்குற நிலையில அவங்க இல்ல." என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "கொடுக்கிறவங்க சாப்பிடணும். இப்பவே."

நான் வெளியே ஓடினேன். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"நாலு நாளா சாப்பிடவே இல்லியாம்! கையெழுத்துப் போட்டீங்கல்ல? பிடிக்கலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தை! எங்கம்மாவக் கொல்றதுக்கா சம்மதிச்சீங்க?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது வளையல்கள் சரிந்தன. மணிக்கட்டில் மஞ்சள் நூலில் காப்பு கட்டியிருந்தது. கந்த சஷ்டிக் காப்பு. கழுகுமலை முருகனுக்கு ஆறு நாள் விரதம். தண்ணீரும் சாயந்திரம் ஒரு டம்ளர் பாலும் மட்டும்.

"யாருக்காக?" என்றேன்.

"யாருக்காக இருப்பேன்?" அம்மா கிடந்த அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அந்த ரெண்டாவது செல்லாவது பட்டுப்போகாமத் தழையணும்னு வேண்டிக்கிட்டேன். நாம பட்டினி கெடந்தா நம்மளத்தான் வாட்டும்னு நெனச்சிட்டேன் தாயி. அவுக உடம்புல போயி நிக்கும்னு புத்திக்கு எட்டலையே. இந்த வயசுக்கு வருசா வருசம் இருந்த விரதம். அது யாரையும் கெடுக்கும்னு யாரு நெனப்பா?"

"இப்ப சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும் அத்தை. வாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. காப்பை இன்னொரு கையால் பொத்திக்கொண்டார்.

"நடுவுல விட்டா யாருக்கு வேண்டிக்கிட்டமோ அவுகளுக்கு ஆகாதும்மா."

டாக்டர் சொல்வது உள்ளே திரையில் தெரிந்தது. அத்தை சொல்வது எந்தத் திரையிலும் தெரியாது. ஆனால் அவருக்கு இரண்டும் ஒரே எடைதான் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சாப்பிட்டாலும் அம்மாவுக்கு ஆபத்து, சாப்பிடாவிட்டாலும் ஆபத்து. நான் விஞ்ஞானம் பேச வாயெடுத்து, பேசாமல் அவர் கையைப் பிடித்து அம்மாவின் கட்டிலுக்கு அழைத்துப் போனேன்.

அம்மா கண்ணைப் பாதி திறந்தாள். உதடு உலர்ந்திருந்தது.

"சம்மந்தியம்மா... நாலு நாளா உங்க பசி என்ரகிட்டத்தான் இருக்குதுங்க. என்னால தாங்க முடியலீங்க. சாப்புடுங்க, சாமி."

அத்தை ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். முருகனிடம் என்ன சொன்னாரோ தெரியாது. கேன்டீனிலிருந்து நர்ஸ் கொண்டு வந்த பொட்டலத்தை அம்மாவின் கட்டில் விளிம்பிலேயே வைத்துப் பிரித்தேன். ஆறு இட்லி. சாம்பார்ப் பாக்கெட்டின் முடிச்சை அவிழ்த்ததும் ஆவி எழுந்தது. அத்தை கையில் ஒரு விள்ளல் எடுத்தார். இன்னும் வாய்க்குப் போகவில்லை.

"பாருங்க" என்றார் டாக்டர் மெதுவாக.

திரையில் பல மணி நேரமாக ஏறிக்கொண்டே இருந்த கோடு லேசாகத் தலை சாய்த்தது. சாம்பார் வாசம்தான் போயிருக்கிறது. அதற்குள் ஒரு உடம்பு இன்னொரு உடம்பில் மடையைத் திறக்கச் சொல்லிவிட்டது. அத்தை அழுதுகொண்டே ஆறு இட்லியையும் தின்றார். நாலு மணிக்கு அம்மாவின் மூச்சு சீரானது. ஐந்து மணிக்கு, தோப்புக்குத் தண்ணீர் விட்டார்களா என்று கேட்டாள். நான் வராந்தாவில் போய் நின்று நன்றாக அழுதேன்.

அதற்கப்புறம்தான் விசாரணை. அத்தை பட்டினி கிடந்தது சரி. அம்மா தேவைக்கு மேல் சாப்பிட்டது என்ன? டாக்டர் கேட்டதும் அம்மா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"சாப்புட்டுக் கை கழுவறதுக்குள்ள பசிச்சுதுங்க. அது என்ர பசியில்ல, எனக்குத் தெரியும். எங்க வூட்டுச் சமையலு இவங்களுக்குப் புடிக்கலையாட்டிருக்குது, வாயத் தொறந்து சொல்லாம வெறும் வயிறா இருக்கறாங்கன்னு நெனச்சேன். கேட்டா சங்கட்டப்படுவாங்க. சரி, அவங்க பசிக்கு நாமளாவது சாப்புடலாம்னு..."

"என்னத்தச் சாப்பிட்டீக?" என்றார் அத்தை.

அம்மா கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். "உங்க அலமாரில டின்னுல இருந்துதுங்களே, கோயில்பட்டிக் கடலமுட்டாய். உங்க ஊர்ப் பண்டமா இருந்தா உங்க பசி அடங்கும்னு பாத்தனுங்க."

"டின்னு முழுசுமா?"

"மூணு மிச்சமிருக்குதுங்க."

டாக்டர் ரெஹானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. ஒருவர் பிழைக்கட்டும் என்று பட்டினி, ஒருவர் பசியாறட்டும் என்று கடலைமிட்டாய். இரண்டு பேரும் நல்லது நினைத்தே ஓர் உயிரை விளிம்பு வரை கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று சாயந்திரம் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டதுல தப்பில்ல தாயி" என்றார். "எங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒன்ன விடச் சத்தமா."

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. 'சம்மந்தியம்மா' என்று அம்மா கூப்பிட்டால் 'என்ன மதினி' என்று பதில் வரும். அத்தை நாடகம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். அம்மா நாலு தென்னங்கன்றுகளை அனுப்ப அத்தையின் கோவில்பட்டி விலாசம் கேட்டாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் அத்தையைக் குடைந்துகொண்டே இருந்தது. "மூணு நாளு பாக்கி நிக்கி" என்பார் திடீரென்று, காய் நறுக்கும்போது. "வேண்டுதலு அரைகுறையாக் கெடக்கு." அம்மா கேட்டுக்கொண்டே தேங்காய் துருவுவாள்.

இரண்டாவது செல்கள் பிழைத்தன. பங்குனியில் அவற்றை அம்மாவுக்குள் வைத்தார்கள். சித்திரைக் கடைசியில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு இணைப்பை நிறுத்தப்போறோம். ரெண்டு பேருக்கும் சொல்ல வேண்டாம். சொன்னா அந்தப் பயத்துலயே உடம்பு தடுமாறும். மூணு வாரம் பாக்கலாம். நீங்க கையெழுத்துப் போடணும்."

போட்டேன். அந்த மூன்று வாரமும் எனக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாகிவிட்டது. தகடுகள் செத்துக் கிடக்கின்றன. அம்மா, "சம்மந்தியம்மாளுக்குத் தூக்கம் வந்துருச்சு, லைட்ட அமத்து கண்ணு" என்பாள். போய்ப் பார்த்தால் அத்தை நிஜமாகவே தூங்கி விழுந்துகொண்டிருப்பார். அத்தையோ ஒரு படி மேலே. "மதினிக்குத் தலவலிக்கி, எனக்குத் தெரியுது" என்பார். பாதை ஒரு வழி என்று முதல் நாளே சொன்னார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு எதுவும் வரவே வராது. ஆனால் அம்மாவுக்கு அன்றைக்குத் தலைவலி இருக்கும். நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

மூன்று வாரம் முடிந்த காலை, இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் விஷயத்தை உடைத்தார். இருபத்தொரு நாளாக அம்மா தன் சொந்த உடம்பில்தான் இருக்கிறாள். தகடுகளைக் கழற்றிவிடலாம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை சந்தோஷப்பட வாய் திறந்து, பாதியில் நிறுத்தினார்.

"அப்ப நேத்து எனக்குப் பசிச்சுதே?" என்றார். "ராத்திரி வழக்கம்போலச் சாப்பிட்டேன். பெறவும் பசிச்சுது. மதினி வெயிலு ஒத்துக்கலன்னு தட்ட ரூமுக்கு எடுத்துட்டுப் போனாக. சரி, அவுகதான் சரியாச் சாப்பிடல போலுக்குன்னு நான் ரெண்டு இட்லி கூட வச்சுத் தின்னேன். அது யாரு பசி?"

டாக்டர் திரையை நெருங்கிப் பார்த்தார். "நானும் ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். நேத்து காலையிலேருந்து கோகிலாமணியம்மாவோட சர்க்கரை மெதுவா இறங்குது. மதியம் ஒரு இடத்துல நிக்குது. அப்புறம் தானாவே சமப்பட்டு ராத்திரி முழுக்க ஒரே கோடு. பட்டினியில ஒரு நல்ல உடம்பு இப்படித்தான் பண்ணும். நேத்து என்ன சாப்பிட்டீங்கம்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள். முந்தின நாள் வாட்ச்மேன் என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததன் காரணம் எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"நேத்து சஷ்டிங்க" என்றாள்.

அத்தை சட்டென்று அம்மா பக்கம் திரும்பினார்.

"இவங்க மூணு நாளு பாக்கி, மூணு நாளு பாக்கின்னு அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. என்னாலதான அது நின்னுபோச்சு? அதான் நான் இருந்து முடிக்கலாம்னு. நேத்து ஒரு நாளுங்க. இன்னும் ரெண்டு."

"என் வேண்டுதல நீங்க எப்படி மதினி முடிக்க?" அத்தையின் குரலில் பழைய முத்திரைக் குத்து வந்துவிட்டது. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"உங்க உடம்பு ஒரு வருசம் என்ர உடம்ப ஓட்டுச்சு. என்ர உடம்பு மூணு நாளு உங்க விரதத்த இருந்தா கழுகுமலையான் வேண்டாம்னா சொல்லுவாரு?"

அத்தை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். உடம்பு பழகிவிடும், ஒரு வருஷம் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் அதற்கு ஒரு கடிகாரம் வந்துவிடும், எதிரில் ஒரு தட்டு காலியாக இருந்தால் அது தேடும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டு, ஏழாவது விதியை மீறியதற்காக அம்மாவை ஐந்து நிமிஷம் நன்றாகத் திட்டினார். பிறகு, இதைவிடப் பெரிய பரிசோதனை தானே வைத்திருக்க முடியாது, உடம்பு தேறிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தகடுகளைக் கழற்றிய இடத்தில் ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்திரியோடு இரண்டு பேரும் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். லாலி ரோடு சிக்னலில் வண்டி நின்றது. அத்தை வெளியே பார்த்தபடி கேட்டார்.

"மிச்சம் ரெண்டும் எப்ப இருக்கப்போறீக?"

"அடுத்த சஷ்டிக்கு ஒண்ணு. அதுக்கடுத்த சஷ்டிக்கு ஒண்ணுங்க."

"சரி, இருங்க." அத்தை அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கெல்லாம் நான் ரெண்டாளு சாப்பாடு சாப்பிடுதேன். ஏய் இளவேனி, வழியில இறங்கி இட்லி மாவு வாங்கிக்கோ."